சந்திரசேகரம்பிள்ளை இன்னும் வரவில்லை

சென்ற வாரம் புத்தக அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது மேல்தட்டின் மூலையிலிருந்து மூன்று இறுவட்டுகள் கையில் அகப்பட்டன. அவற்றுள் இரண்டு, கடதாசி உறையில் இட்ட வீ.சீ.டி. ரகம். மூன்றாவது, பெட்டியோடு கூடிய டீ.வீ.டி. மூன்றிலும் உள்ளது ஒரே படம்தான். 1984 டிசெம்பரில் ஹொலிவூட்டில் வெளியான '2010: தி இயர் வீ மேக் கொன்ராக்ட்'. ஒரே படத்தை இருமுறை காசு கொடுத்து வாங்கி இருமுறையும் ஏமாந்தவன் நான்!

இறுவட்டுகளை இன்று சீண்டுவார் இல்லை. என் மகளின் மடிக்கணினியில் அதைச் செருகுவதற்கு வாயில்கூடக் கிடையாது. ஆயினும் எறிந்துவிட மனம் ஒப்பவில்லை. அந்தப் படத்தின்மீது எனக்குப் பெரும் பற்று ஒன்றுமில்லை. தம்பலகாமத்தில் வாழ்ந்து மறைந்த என் பெரியப்பா, அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் தடுத்தது. அந்தக் கேள்வியைச் சொல்வதற்கு முன்னர் படத்தின் பூர்வீகத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பூர்வீகத்தின் ஒரு வேர் எங்கள் திருகோணமலைக் கடலுக்குள்ளும் போகிறது.

ஆர்தர் சி. கிளார்க் 1948 இல் 'தி சென்டினல்' என்றொரு சிறுகதையை எழுதினார். 1951 இல் அது அச்சேறியது. சந்திரனில் மனிதன் கண்டெடுக்கும் ஒரு பொருள், மனிதனுக்கு முன்பே எவரோ அங்கு வந்து போயிருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தச் சிறு வித்திலிருந்து ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் சேர்ந்து வளர்த்தெடுத்ததே 1968 இல் வெளியான '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'. அதே பெயரில் கிளார்க்கின் நாவலும் அவ்வாண்டே வந்தது. அவர் அப்போது இலங்கைவாசி. 1956 இல் இங்கு வந்து குடியேறியவர், 2008 இல் இறக்கும்வரை கொழும்பையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார்.

'2001' ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பேசாத படம். தொடக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரு வசனமும் கிடையாது. கறுத்த நெடுங்கல் ஒன்று நிற்கிறது. யார் நட்டார்கள், ஏன் நட்டார்கள் என்று எவரும் விளக்குவதில்லை. வியாழக் கிரகத்தை நோக்கிச் செல்லும் கப்பலில், தவறே செய்யாதது எனப் பெயர்பெற்ற 'ஹால் 9000' என்ற கணினி திடீரெனப் பயணிகளைக் கொல்லத் தொடங்குகிறது. அதன் காரணத்தையும் குப்ரிக் முழுமையாகச் சொல்லவில்லை. அரங்கில் உறங்கியவர்கள் பலர். விழித்திருந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குப்ரிக் அதற்குத் தொடர்ச்சி எடுக்க விரும்பவில்லை. படத்துக்காகச் செய்த கப்பல் மாதிரிகளையும் வரைபடங்களையும் வேறெவரும் பயன்படுத்தாதபடி அழிக்கச் செய்தார். ஆனால், கிளார்க் 1982 இல் '2010: ஒடிசி ரூ' என்ற இரண்டாவது நாவலை வெளியிட்டார். எம்.ஜி.எம். நிறுவனம் அதைப் படமாக்க முன்வந்தது. பீட்டர் ஹயம்ஸ் என்பவர் எழுதி, தயாரித்து, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். அழிந்துபோன 'டிஸ்கவரி' கப்பலை, முதற்படத்தின் சட்டங்களை உற்றுப் பார்த்துப் பார்த்தே அவர்கள் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

ஹயம்ஸ் இருந்தது லொஸ் ஏஞ்சல்ஸில். கிளார்க் இருந்தது கொழும்பில். இங்கு பகலென்றால் அங்கு இரவு. இருவரும் 'கேப்ரோ' என்ற கணினியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, தொலைபேசிக் கம்பிவழியே கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் உறங்கும்போது மற்றவர் எழுதுவார். இன்று நாம் மின்னஞ்சல் என்று சொல்வதை 1983 இலும் 1984 இலும் அவர்கள் செய்தார்கள். அக்கடிதங்கள் 'தி ஒடிசி ஃபைல்' என்ற பெயரில் நூலாகவும் வந்தன. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொள்ளும் செய்மதிகள்மூலம் உலகை இணைக்கலாம் என்று 1945 இலேயே எழுதிய மனிதருக்கு இது பொருத்தமான வேலைதான்.

1983 என்ற ஆண்டை எழுதும்போது ஒரு கணம் கை தயங்குகிறது. அந்த யூலை மாதத்தில் கொழும்பில் தமிழர்களுக்கு நேர்ந்ததை இங்கு மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. என் பெரியப்பா அப்போது கொழும்பில் விஞ்ஞான ஆசிரியர். வெள்ளவத்தையில் வாடகை வீடு. வீட்டோடு அவருடைய புத்தகங்களும் எரிந்தன. உடுத்த துணியோடு அகதி முகாமுக்குப் போய், பின்னர் பிறந்த ஊரான தம்பலகாமத்துக்கே வந்து சேர்ந்தார். அதன்பின் கொழும்பில் அவர் குடியிருக்கவேயில்லை.

எரிந்தவற்றுள் ஒன்று அவருடைய சொந்தப் புத்தகமன்று. உடன் படிப்பித்த சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் இரவல் வாங்கிய '2010' நாவல்.

"வீடு வாடகை வீடு. சாமான்கள் நான் உழைச்சு வாங்கினது. போனால் போகட்டும். அந்தப் புத்தகம் மற்றவன்ரை. திருப்பிக் குடுக்க ஏலாமல் போச்சுது தம்பி" என்று பல ஆண்டுகளுக்குப் பின்னரும் சொல்லுவார். தன் வீட்டை எரித்தவர்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆசிரியரைப் பற்றி மட்டும் பேசுவார்.

நாவலைப் பற்றிப் பேசும்போது அவர் கதையைச் சொல்லமாட்டார். ஒரு பெயரைத்தான் சொல்லுவார். ஹால் கணினியை ஆக்கிய விஞ்ஞானியின் பெயர். முதல் நாவலிலேயே கலாநிதி சந்திரா என்று ஓரிடத்தில் வந்துபோகிறவர், இரண்டாம் நாவலில் முக்கிய பாத்திரமாகிறார். அங்கு கிளார்க் அவருக்கு முழுப்பெயர் கொடுத்திருக்கிறார்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை.

வாசகர்கள் இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டுகிறேன். ஆங்கில நாவல்களில் வரும் இந்தியர்களுக்குச் சிங் என்றோ பட்டேல் என்றோ பெயரிட்டு வேலையை முடித்துவிடுவதே வழக்கம். இது அப்படிப்பட்டதன்று. 'சந்திரசேகரம்பிள்ளை' என்று மகரமெய்யும் பிள்ளையும் சேர்ந்து வருவதைக் கேட்டால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ ஒரு கச்சேரிக் கதிரையில், ஒரு பாடசாலை அதிபரின் அறையில் இருக்கும் மனிதர் கண்முன் வருகிறார். இலங்கையில் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, தபாற்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோரோடும் பழகிய ஒருவரின் காதில் விழுந்த பெயர் அது என்றே எனக்குத் தோன்றுகிறது. உலகின் மிகப் புகழ்பெற்ற கற்பனைக் கணினிக்குத் தந்தை ஒரு சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! பெரியப்பாவுக்கு அதில் இருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமன்று. நடந்தவை எல்லாவற்றுக்கும் பின்னர், அந்தப் பெருமிதம் அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

படம் வந்ததை அவர் பத்திரிகையில் அறிந்தார். ஆனால், 1984 க்குப் பிந்திய தம்பலகாமத்தில் ஆங்கிலப் படம் பார்ப்பதாவது! ஊர் இடம்பெயர்வதும் மீள்வதுமாக இருந்த காலம். கலியாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ 'டெக்' வாடகைக்கு எடுத்தால், விடியவிடிய எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி படங்கள் ஓடும். அங்கே போய் விண்வெளிப் படம் கேட்டால் அடிவிழும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. பாதைகள் திறந்தன. 2003 இல் செய்தி சேகரிக்கத் திருகோணமலைக்குப் போனபோது, நகரில் ஓர் இறுவட்டுக் கடையில் இந்தப் படத்தின் வீ.சீ.டி. பிரதி என் கண்ணில் பட்டது. ஒரு வீ.சீ.டி. தட்டு ஏறத்தாழ எழுபத்தைந்து, எண்பது நிமிடங்களைத்தான் கொள்ளும். இந்தப் படம் 116 நிமிடம். ஆகவே இரண்டு தட்டுகள். உறையில் படத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. கள்ளப் பிரதிதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

தம்பலகாமத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலையிலிருந்து கண்டி வீதிவழியே கந்தளாய் நோக்கிப் போனால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் விரியும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் பூமி. ஒருபுறம் குடாக்கடல். ஒருகாலத்தில் அதன் சிப்பிகளில் முத்துக்கூட எடுத்தார்கள். வயல்களின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில். பெரியப்பாவின் வீட்டு விறாந்தையில் இருந்தால் கோயில் மணி கேட்கும்.

அன்றிரவு மின்சாரம் இருமுறை போய் வந்தது. பெரியப்பா குளித்து, திருநீறு பூசி, சாய்மனைக் கதிரையை விட்டு நிமிர்ந்த கதிரையொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளாகக் காத்திருந்த மனிதரின் தோரணை அது.

படம் ஓடியது. ரஷ்யரும் அமெரிக்கரும் ஒரே கப்பலில் வியாழனை நோக்கிப் போகிறார்கள். கைவிடப்பட்ட டிஸ்கவரி கப்பலைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவர் ஹால் கணினியை மீண்டும் உயிர்ப்பித்து அதனோடு மெல்லக் கதைக்கத் தொடங்குகிறார். பெரியப்பா திரையை உற்றுப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, சந்திரசேகரம்பிள்ளை இன்னும் வரேல்லையோ?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "அவர் வந்து கனநேரம் பெரியப்பா. அந்தா, கொம்பியூட்டரோட கதைக்கிறவர்தான்."

"இவரோ?"

திரையில் இருந்தவர் பொப் பலபன் என்ற அமெரிக்க நடிகர். நல்ல நடிகர்தான். இந்தப் படத்திலும் குறை சொல்ல முடியாத நடிப்பு. ஆனால், அவர் இந்தியருமல்லர், அப்படிக் காட்டவும் படம் முயலவில்லை. பாத்திரத்தின் பெயர் ஆர். சந்திரா என்று சுருங்கிவிட்டது. சிவசுப்பிரமணியனும் போனார், சேகரமும் போனார், பிள்ளையும் போனார்.

பெரியப்பா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "பேரையாவது முழுசாச் சொன்னாங்களோ?" என்றார்.

"இல்லை. சந்திரா எண்டு மட்டும்தான்."

"ம்... சரி, மற்றத் தட்டைப் போடு. முடிவைப் பாப்பம்."

படத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது மோசமான படமன்று. 1985 இல் சிறந்த நாடகப் படைப்புக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. ஐந்து ஒஸ்கார் பரிந்துரைகளும் கிடைத்தன. இரண்டு கப்பல்களுக்கிடையே அச்சத்தில் மூச்சுவாங்க மிதந்து செல்லும் பொறியியலாளரின் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. ரஷ்யக் கப்பற்தலைவியின் பெயர் கிர்பக். குப்ரிக்கின் பெயரைப் பின்னாலிருந்து வாசித்துப் பாருங்கள், குறும்பு புரியும்.

ஆயினும் ஏமாற்றம் ஏமாற்றமே. '2001' கேட்காமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் '2010' விடை சொல்லிக்கொண்டே போகிறது. கதாநாயகன் தன் மனைவிக்கு அனுப்பும் கடிதங்களாக ஒரு குரல் படம் முழுதும் விளக்கிக்கொண்டிருக்கிறது. நாவலில் இல்லாத அமெரிக்க–சோவியத் போர்ப் பதற்றத்தை ஹயம்ஸ் உட்புகுத்தினார். நாவலில் முந்திக்கொண்டு யூரோப்பாவில் இறங்கும் சீனக் கப்பலை நீக்கினார். இறுதியில் வேற்றுலகோர் வியாழனையே ஒரு சிறு சூரியனாக எரியவைத்து, எல்லா உலகங்களும் உங்களுக்கு, யூரோப்பாவில் மட்டும் இறங்காதீர்கள் என்று மனிதருக்குச் சொல்கிறார்கள். அதனோடு, சமாதானமாக இருங்கள் என்ற அறிவுரையைப் படம் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. குப்ரிக்கின் கல் மௌனமாக நின்றது. ஹயம்ஸின் கல்லோ பாடம் நடத்தியது.

ஓரிடத்தில் மட்டும் அந்த விளக்கம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஹாலுக்கு ஏன் பித்துப் பிடித்தது? பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளிடமிருந்து மறைக்கும்படி மேலிடத்திலிருந்து அதற்குக் கட்டளை போயிருக்கிறது. அதுவோ உண்மையைத் திரிக்காமல் சொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட இயந்திரம். இரண்டையும் ஒருங்கே செய்ய முடியாமல் அது நிலைகுலைந்தது. இதைக் கண்டுபிடித்துச் சினந்தெழுபவர் சந்திரா. குற்றம் என் பிள்ளையுடையதன்று, பொய் சொல்லப் பழக்கியவர்களுடையது என்பது அவர் வாதம். பின்னர், கப்பலோடு அழியப்போகும் ஹாலிடம் மற்றவர்கள் உண்மையை மறைக்கச் சொல்லும்போது, அவர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். உண்மையைக் கேட்ட ஹால் அமைதியாக ஒத்துழைக்கிறது. தணிக்கையின்கீழ் பல்லாண்டு பத்திரிகைத் தொழில் செய்தவனுக்கு இந்த இடம் சுடும். படத்தின் மனச்சாட்சியே அந்தப் பாத்திரம்தான். அதன் பெயரைத்தான் வெட்டியிருந்தார்கள்.

1983 ஒக்டோபரில், ஹயம்ஸ் படவேலைகளில் இருந்த அதே காலத்தில், சுப்பிரமணியன் சந்திரசேகர் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் லாகூரில் பிறந்து, சென்னையில் படித்து, இலினோய் மாநிலத்தின் சிக்காகோவில் பேராசிரியராக இருந்தவர். நட்சத்திரங்கள் எவ்வாறு இறக்கின்றன என்பதைக் கணக்கிட்டவர். நாவலின் சந்திரசேகரம்பிள்ளைக்கும் இலினோய்தான் பணியிடம். நட்சத்திரம் ஒன்று பிறப்பதில் முடியும் படத்தில் தமிழ் விஞ்ஞானி ஒருவர் நிற்பது நம்பமுடியாத புதுமையன்று. நாளேடுகளின் முதற்பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார்.

மறுநாட் காலை பெரியப்பா என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். வரம்புவழியே நடந்துபோகும்போது கிளார்க்கைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கும் கோணேசருக்கும் உள்ள தொடர்பை நம்மவரில் பலர் அறிந்திருந்தாலும், இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுவாமிமலை என்று சொல்லப்படும் கடலோரக் குன்றின்மேல், ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அதை இடித்துக் கோட்டை கட்டினார்கள். தூண்களும் கற்களும் கோட்டைச் சுவருக்கும் கடலுக்கும் பங்கு போயின. 1950 இல் கோயிலடிக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோழர்காலத்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று சந்திரசேகரர். 1956 இல் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் குன்றின் அடியில் சுழியோடிக் கோயிற் கற்களைக் கடலடியிற் கண்டார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் அதை அவர் எழுதினார். நீருக்கடியில் உடல் எடையற்று மிதக்கும் அனுபவமே விண்வெளி வீரனின் அனுபவத்துக்கு நெருக்கமானது என்பது அவர் கருத்து. மைக் வில்சன் 1962 இல் 'ரன்முத்து தூவ' என்ற முதலாவது வர்ணச் சிங்களப் படத்தை எடுத்து, இக்கடலின் அடிக்காட்சிகளைத் திரைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அவர் காவி கட்டிச் சுவாமி சிவ கல்கி என்று பெயர் பூண்டது தனிக்கதை.

கடலடியிற் கண்ட கோயிற்கல்தான் '2001' இன் கறுத்த நெடுங்கல்லாயிற்று என்று கதை கட்ட நான் துணியமாட்டேன். அப்படி எழுதி ஆனந்தப்படுவோர் உளர். நமக்கு அது வேண்டாம்.

தம்பலகாமத்துக் கோயிலின் கதை இன்னொன்று. பெரிய கோயில் இடிபடும் வேளையில் அடியார்கள் சில திருமேனிகளை மறைத்துக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள் என்றும், பிற்காலத்தில் அவை இந்த வயல்வெளியில் கோயில்கொண்டன என்றும் ஊர் ஐதிகம். குன்றும் இல்லை, கடலும் இல்லை, அலை மோதும் ஓசையும் இல்லை. ஆனாலும் சுவாமியின் பெயர் கோணநாயகர்தான்.

கோயில் வாசலில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டே பெரியப்பா சொன்னார்: "பாத்தியே தம்பி, இதுவும் இரண்டாம் பாகம்தான். முதல் பாகத்தைப் போல எடுப்பில்லை. ஆனால் பேரை விடேல்லை. இடிச்சவன் கல்லைக் கொண்டுபோனான். பேரைக் கொண்டுபோக அவனுக்கு ஏலேல்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொழும்புக்குப் புறப்படும்போது இரண்டு தட்டுகளையும் என்னிடமே தந்துவிட்டார். "எனக்கு இது வேண்டாம். நீ வைச்சிரு" என்றார். 2006 இல் மீண்டும் போர் மூண்டது. 2007 இல் அவர் தம்பலகாமத்திலேயே காலமானார்.

மூன்றாவது தட்டுக்கு வருகிறேன். சில ஆண்டுகள் கழித்து, வெளிநாடொன்றுக்குப் போனபோது இந்தப் படத்தின் அசல் டீ.வீ.டி. யை வாங்கினேன். 1998 இல் எம்.ஜி.எம்., பின்னர் 2000 இல் வார்னர் வெளியிட்ட பதிப்புகளில் இரண்டாவது. உள்ளே முன்னோட்டமும், படமாக்கிய விதம்பற்றிய ஒரு சிறு விவரணமும் இருந்தன. படத்தில் ஏதேனும் தவறவிட்டேனோ என்ற நப்பாசைதான் வாங்கத் தூண்டியது. தவறவிட்டுத்தான் இருந்தேன். வெள்ளை மாளிகைக்கு முன்னுள்ள பூங்காக் காட்சியில், வாங்கில் ஒரு கிழவர் அமர்ந்து புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஆர்தர் சி. கிளார்க்!

தம்பலகாமத்தில் பார்த்த பிரதியில் அவர் இருக்கவில்லை. காரணம் எளிது. அகலத்திரைக்கு எடுத்த படத்தைப் பழைய சதுரத் தொலைக்காட்சிக்கு ஏற்ப இரு பக்கமும் வெட்டியிருந்தார்கள். அகலத்திற் பாதிக்குக் கிட்டப் போய்விடும். வீடியோ நாடாக்களும் அவற்றிலிருந்து பிறந்த கள்ளப் பிரதிகளும் அப்படித்தான் வந்தன. வெட்டுப்பட்ட பகுதியில் கிளார்க் இருந்தார். ஆக, அந்த இரவில் நாங்கள் பார்த்த படத்தில் பாத்திரத்தின் பெயரும் இல்லை, அதைச் சூட்டியவரும் இல்லை. அசல் தட்டில் கிளார்க் மீண்டுவிட்டார். ஓரத்தில் வெட்டியதை விரித்து மீட்கலாம். எடுக்கும்போதே விட்டதை எந்தத் தட்டாலும் மீட்க முடியாது. 2009 இல் புளூ-ரே பதிப்பும் வந்தது. படம் இன்னும் தெளிவானதாம். சந்திரசேகரம்பிள்ளை அதிலும் வரப்போவதில்லை. வாங்கவில்லை.

இதுவரை ஹயம்ஸைக் குறைகூறிவிட்டேன். இனிச் சொல்லவேண்டியது என்னைப் பற்றி.

2008 மார்ச் 19 ஆம் திகதி கிளார்க் கொழும்பில் காலமானார். வயது 90. மறுநாட் பத்திரிகைக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. செய்மதி, குப்ரிக், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தர் பதவி, கோணேசர் கடல் எல்லாம் எழுதினேன். கடைசிப் பந்தியில், உலகப் புகழ்பெற்ற கற்பனைக் கணினியை ஆக்கியவனுக்கு அவர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பெயரைச் சூட்டியதையும் குறிப்பிட்டேன். இரவு பக்கம் அமைக்கும்போது நான்கு வரி மிஞ்சியது. கீழே விளம்பரம், அசைக்க முடியாது. பக்கத்துக்குப் பொறுப்பானவனும் நானே. எதை வெட்டலாம் என்று பார்த்தேன். செய்மதியை வெட்ட முடியாது. குப்ரிக்கை வெட்ட முடியாது. நீளமான அந்தப் பெயர் இரண்டு வரியை விழுங்கிக்கொண்டு நின்றது. அந்தப் பந்தியை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கினேன்.

என்னை எவரும் வற்புறுத்தவில்லை. தணிக்கை அதிகாரி எவரும் சிவப்பு மையால் கோடிடவில்லை. இடமில்லை, அவ்வளவுதான். ஹொலிவூட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். தீய எண்ணம் எதுவும் தேவைப்பட்டிராது. பெயர் நீளம், பார்வையாளருக்கு உச்சரிக்க வராது, கதைக்கு அது அவசியமில்லை என்று எவரோ ஒருவர் நல்லெண்ணத்தோடே எண்ணியிருப்பார்.

இப்பக்கத்தை வாசிப்போரில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்பவர்கள். உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத பெயர்கள் நம்முடையவை. வேலைத்தளத்தில் சிவா என்றும் சந்திரா என்றும் நீங்களே சுருக்கிக்கொண்டிருப்பீர்கள். நாவலிலும் சகபயணிகள் அவரைச் சந்திரா என்றுதான் அழைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், கிளார்க் ஓரிடத்திலாவது முழுப்பெயரை எழுதிவைத்தார். எங்கோ ஓரிடத்தில் முழுதாக எழுதப்பட்டிருந்தால், எத்தனை முறை சுருக்கினாலும் பெயர் அழியாது. அந்த ஓரிடத்தையும் இடம் போதாதென்று அடிப்பவர்களாக நாமே இருந்துவிடக் கூடாது.

2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் நாசா, 'யூரோப்பா கிளிப்பர்' என்ற விண்கலத்தை ஏவியது. 2030 இல் அது வியாழனை அடையும். யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் உண்டென்று நம்பப்படுகிறது. அங்கு உயிர் வாழும் சூழல் உண்டா என்பதை அந்தக் கலம் ஆராயும். அது யூரோப்பாவில் இறங்காது, ஏறத்தாழ ஐம்பது தடவை அருகே பறந்து செல்லும். கிளார்க்கின் எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டதுபோலத்தான் இருக்கிறது! பெரியப்பா இருந்திருந்தால் அதில் வேலைசெய்பவர்களின் பெயர்ப்பட்டியலைத் தேடச் சொல்லியிருப்பார்.

தட்டுகளை மீண்டும் அலுமாரியில் வைக்கும்போதுதான் வீ.சீ.டி. உறையின் பின்புறத்தைக் கவனித்தேன். இருபதாண்டுகளுக்கு மேலாக என்னிடம் இருந்தும் ஒருநாளாவது அதைத் திருப்பிப் பார்த்தேனில்லை. நீல மையில், பாடசாலை இடாப்பில் எழுதுவது போன்ற சீரான கையெழுத்து. தம்பலகாமத்தில் அன்றிரவு நான் உறங்கிய பின்னர் எழுதியிருக்க வேண்டும். கப்பலில் போனவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே சரி அடையாளம் இட்டிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது:

சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை — வரவில்லை.